நான் படுத்துக் காட்டிய இடம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு செங்கல் அறை இருந்தது. தெருவில் எல்லாரும் அதைக் கல்லூடு என்பார்கள். புதிதாக வருகிறவர்கள் சாமி அறையா என்று கேட்பார்கள். என் மாமனாரைக் கேட்டால் நெல் வைக்கிற அறை என்பார். இரண்டும் இல்லை. புயல் அடித்தால் உயிரோடு இருப்பதற்காக நான் சண்டை போட்டுக் கட்ட வைத்த அறை அது. அந்தச் சண்டையில் நான் ஜெயித்துவிட்டதாக ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அயனம்பாக்கம் ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் வீடு. மண் சுவர், மேலே பனையோலை. அப்போது அந்த ஊரில் அனேகமாக எல்லா வீடும் அப்படித்தான். மாமனாருக்கு ஏரித் தண்ணீர் பாய்கிற கொஞ்சம் நிலம் இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரே பிள்ளை. அவருக்கு நிலத்தில் மனசு ஓடவில்லை. அம்பத்தூர் வரைக்கும் நடந்துபோய், ரயிலேறி, பட்டணத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். வீட்டில் மாமனார், மாமியார், நாங்கள் இருவர்.

முதல் குழந்தை பெண். பூந்தமல்லியில் என் தாய் வீட்டில் பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியதும் அயனம்பாக்கத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தோம். அந்தக் கார்த்திகையில் புயல் அடித்தது. கூரை எல்லா இடத்திலும் ஒழுகியது. வடக்குச் சுவர் ஓரம் மட்டும் ஈரமில்லாமல் இருந்ததால் மாமியார் குழந்தையை என் மடியிலிருந்து வாங்கி அங்கே கிடத்தினார். பல நாள் மழையில் ஊறிக் கிடந்த சுவர் உள்பக்கமாக விழுந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வராது.

வந்தவர்கள் எல்லாரும் விதி என்றார்கள். சுவர் என்றேன் நான். மாமியார் ஒன்றுமே சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. குழந்தை ஒன்று அந்த வீட்டில் இருந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் சாணி தட்டினார், நெல் அவித்தார், எனக்குச் சோறு போட்டார். அழுதிருந்தால் கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த மௌனத்துக்காகவே நான் அவரை வெறுத்தேன்.

மழை நின்றதும் விழுந்த மண்ணையே தண்ணீர் விட்டுக் குழைத்து, அதே இடத்தில் அதே சுவரை எழுப்பினார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொங்கலுக்குத் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

என் வீட்டுக்காரர் கூப்பிட வந்தார். அவர் சாது. கோபமே வராது. அதுவே எனக்குக் கோபமூட்டும்.

"எப்ப வர்றே?" என்றார்.

"செவுரு கட்டினதும் வர்றேன்."

"அதான் எழுப்பியாச்சே."

"அது செவுரா? மய பேஞ்சா சேறு."

"அப்போ இன்னாதான் பண்ணச் சொல்றே?"

"கல்லால ஒரு ரூமு கட்டணும். ஊடு பூரா வோணாம், ஒண்ணு போதும். காத்து அடிச்சா அல்லாரும் அதுல பூந்துக்கலாம்."

"ஒரு ரூமுக்காகவா பொறந்த ஊட்ல குந்திகினு கீறே?"

"ஆமா."

அவர் சிரித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். இப்படியே பல ஞாயிறுகள் போயின. என் அண்ணி முதலில் எனக்குக் கறி போட்டாள், பிறகு குழம்பு ஊற்றினாள், கடைசியில் வெறும் ரசத்துக்கு வந்துவிட்டாள். எனக்கும் ரோஷம் இருந்தது, ஆனாலும் நகரவில்லை. மருமகள் வீட்டில் இல்லையே என்று ஊரில் நாலு பேர் கேட்கத் தொடங்கிய பிறகுதான் மாமனார் இறங்கி வந்தார். சரி, கட்டித் தொலைக்கலாம் என்று சொல்லியனுப்பினார்.

இடம் அளப்பதற்கு மட்டும் நான் போனேன். சாயங்காலமே பூந்தமல்லிக்குத் திரும்பிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். கொல்லையில் மேடான இடமாகப் பார்த்தோம். ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் தண்ணீர் எதுவரைக்கும் வரும் என்பது மாமனாருக்கு அத்துப்படி. அதற்கு மேலே இடுப்பளவு கடைக்கால் எழுப்ப வேண்டும் என்றார். கூரை தாழ்வாக இருக்கட்டும், காற்று மேலேயே போய்விடும் என்றார் என் வீட்டுக்காரர். வாடைக்காற்று வடக்கிலிருந்துதான் வருகிறது, வாசலைத் தெற்கே வைக்கலாம் என்றேன். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எமன் திசையில் வாசல் வைக்கிற குடும்பம் இது இல்லை என்றார். கடைசியில் கிழக்கே வாசல், அதற்கு முன்னால் சாரல் அடிக்காமல் ஒரு குட்டைச் சுவர் என்று முடிவாயிற்று.

என் வீட்டுக்காரர் குச்சியால் தரையில் ஒரு கட்டம் போட்டார். "நாலு பேரு குந்துறதுக்கு இம்மாம் போதும்," என்றார்.

"குந்தினா போதுமா? பச்சக் கொயந்தைய வெச்சிகினு ஒருத்தி படுக்க வாணாமா?"

"அதுக்கு எம்மாம் எடம் வோணும்?"

வாயால் சொன்னால் குறைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. மாமனார் பக்கத்தில் நிற்கிறாரே என்று கூடப் பார்க்கவில்லை. மண்ணிலேயே ஒருக்களித்துப் படுத்தேன். பக்கத்தில் குழந்தை கிடப்பது மாதிரி கையை மடக்கி வைத்துக்கொண்டேன். மாமனார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னைச் சுற்றிக் குச்சியால் கோடு இழுத்தார். எழுந்து மண்ணைத் தட்டும்போது பார்த்தேன். மாமியார் முறத்தோடு சமையலறை வாசலில் நின்று, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். மாமனார் எதிரில் படுத்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

செங்கல்தான் பெரிய பாடாகிவிட்டது. உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கென்று கொட்டகை கொட்டகையாக எழும்பிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்துச் சூளைக் கல்லெல்லாம் அங்கேதான் வண்டி வண்டியாகப் போயிற்று. நம்மைப் போன்றவர்கள் போய்க் கேட்டால் சிரித்தார்கள். ஆகவே கோடையில் ஏரி வற்றியதும் அந்தக் களிமண்ணையே வெட்டி, மிதித்து, மர அச்சில் அறுத்து, அவர்களே ஒரு சின்னச் சூளை போட்டார்கள். பனங்கருக்கு, முள், வரட்டி என்று கிடைத்ததையெல்லாம் போட்டு எரித்தார்கள். பாதிக் கல் சரியாக வேகவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வேகாததை மாமனார் கிணற்றடியில் பரப்பினார். முதல் மழையிலேயே அது கரைந்துவிட்டது.

சுண்ணாம்பு அரைத்துக் கட்டினார்கள். பூந்தமல்லியிலிருந்து வந்த கொத்தனார் கூரையின் குட்டை உயரத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே, கோயிக் கூடா கட்றோம்?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். சுவர் எழும்பிக் காய்ந்த பிறகு நான் போய்த் தோளால் முட்டிப் பார்த்தேன். தோள்தான் வலித்தது. அன்றைக்குத்தான் அந்த வீட்டுச் சமையலறையில் மறுபடியும் கால் வைத்தேன்.

மேலே பனஞ்சட்டம் போட்டுக் கல்லை அடுக்கி, சுண்ணாம்பும் கல்லுடைசலும் கலந்து கொட்டி, மரக்கட்டையால் அடித்து அடித்துத் தளம் இறுக்க வேண்டும். அது பெண்கள் வேலை. தெருப் பெண்களோடு நானும் உட்கார்ந்து அடித்தேன். என் பக்கத்தில் மாமியார். மற்றவர்கள் பாட்டுப் பாடி, கேலி பேசி அடித்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் அடித்தோம். என் கோபமெல்லாம் அந்தத் தளத்தில்தான் இறங்கியது. அது ஒழுகாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கட்டி முடித்தோம், புயலைக் காணோம். அடுத்த இரண்டு ஐப்பசியும் சாதாரண மழையோடு போயின. வீட்டிலேயே ஒழுகாத இடம் அது ஒன்றுதான். ஒழுகாத இடத்தைக் காலியாக விட யாருக்கு மனசு வரும்? முதலில் புளிப் பானை போயிற்று. பிறகு வேர்க்கடலை மூட்டை. பிறகு மாமனாரின் நல்ல வேட்டி வைத்த தகரப் பெட்டி. பக்கத்து வீட்டுக்காரி கூட மிளகாய் வற்றலைக் கொண்டுவந்து, ஒரு ஓரமா இருக்கட்டும்மா என்றாள். நான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பேன். மறுநாள் அது தானாக நடந்துபோய் உள்ளே உட்கார்ந்திருக்கும்.

"புயலு வந்தா எடுத்துக்கலாம்மா. புயலு இன்னா, சொல்லாமயா வரும்?" என்பார் மாமனார்.

நான் மறுபடியும் உண்டானேன். இந்தத் தடவை தாய் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டாவது பிரசவம் புகுந்த வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதோடு, கல்லூட்டில்தான் பெறுவேன் என்று நானே பிடிவாதமாக இருந்தேன். என் அளவுக்குக் கட்டிய அறை. ஐப்பசி பிறந்ததும் அதைக் கழுவி, புளிப் பானை முதல் எல்லாவற்றையும் வெளியே தள்ளி, பாயைப் போட்டு வைத்தேன்.

அந்த வருஷம் மழை நிற்கவே இல்லை. வயலில் நின்ற சம்பா தண்ணீருக்குள் போய் அழுகத் தொடங்கியது. குதிரின் அடியில் ஈரம் ஏறிவிட்டது என்று மாமனார் பதறிக்கொண்டு வந்தார். அடுத்த நவரைப் பட்டத்துக்கு வைத்திருந்த விதைநெல் அதில்தான் இருந்தது. சம்பா போய்விட்டால் எங்களுக்கு அந்த விதை ஒன்றுதான் மிச்சம். பர்மா அரிசி நின்றுபோய், ஊரே நெல்லுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. கேட்டாலும் யாரும் விதை கொடுக்க மாட்டார்கள். நல்ல விதையை அள்ளி மூட்டை கட்டி, கல்லூட்டில் அடுக்கினார். என் பாயைச் சுருட்டி என்னிடமே கொடுத்தார். வெயில் வந்ததும் எடுத்துவிடுகிறேன் என்றார். அதில் நான் என்ன சண்டை போடுவது? வெயில் வருவதற்குள் எனக்கு வலி வந்துவிட்டது.

விதைநெல் இருக்கிற இடத்தில் தீட்டுக்காரி கால் வைக்கக் கூடாது. பிள்ளை பெற்றவள் மூச்சுப் பட்டால் விதை முளைக்காது என்று எங்கள் ஊரில் எல்லாரும் நம்பினார்கள். நானும்தான் நம்பினேன், பொய் சொல்வானேன். ஆக, எனக்காகக் கட்டிய அறையில் நெல் ஏறி உட்கார்ந்துகொண்டது. நான் வீட்டுக்குப் பின்னால் இறக்கியிருந்த கீற்றுச் சாய்ப்பில் பிள்ளை பெற்றேன். ஆண் குழந்தை. மண் சுவருக்குப் பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று நான் அடம்பிடித்ததால்தான் சாய்ப்பு. கீற்றுதானே, விழுந்தாலும் தலைக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். தீட்டுக் கழிகிற வரைக்கும்தான் என்று என் வீட்டுக்காரரும் கெஞ்சினார். மாமியார் கஞ்சியும் காய மருந்தும் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டுப் போவார்.

தீட்டுக் கழிவதற்கு முன்னால் புயல் வந்தது. காலையில் என் வீட்டுக்காரர் வேலைக்குப் போகும்போது வெறும் தூறல்தான். முற்பகலில் வானம் மஞ்சளாகப் போயிற்று. காக்கைகள் சத்தமில்லாமல் எங்கோ ஒதுங்கிக்கொண்டன. உச்சிப் பொழுதுக்கு வடக்கிலிருந்து காற்று கிளம்பியது. ஏரிக்கரைப் பனைகள் வளைந்து வளைந்து எழுந்தன. ரயில் நின்றுபோய் அவர் பட்டணத்திலேயே மாட்டிக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரியும்.

சாய்ப்பின் ஒரு பக்கக் கீற்று எழும்பி எழும்பி அடித்தது. குழந்தையைப் புடவைக்குள் சுற்றிக்கொண்டு கல்லூட்டு வாசலுக்கு ஓடினேன். மாமனார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் மூட்டைகள்.

"மாமா, நவுருங்க."

அவர் நகரவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "கொஞ்சம் பொறும்மா. காத்து வுட்ரும். வெத போச்சின்னா அல்லாரும் போய்டுவோம்மா," என்றார். கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்து வைத்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு அது அப்போதே தெரியும். அவரை இழுத்துத் தள்ளிவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தது. பச்சை உடம்பு, தெம்பில்லை. குட்டைச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். எனக்குப் பின்னால் சாய்ப்பு மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு போயிற்று. மூங்கில் ஒன்று கிணற்றுச் சுவரில் மோதி முறிந்த சத்தம் கேட்டது. குழந்தை வீரிட்டது.

அப்போதுதான் மாமியார் வீட்டுக்குள்ளிருந்து ஓடிவந்தார். தலை அவிழ்ந்து, புடவை முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. நேராக வந்து என் கையைப் பிடித்தார். பிள்ளை பெற்ற நாளிலிருந்து அந்த வீட்டில் என்னை யாரும் தொட்டதில்லை.

"யோவ், எய்ந்திரு," என்றார் மாமனாரிடம். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மாமனாரும் கேட்டதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"வெத கீதுடி உள்ள..." என்று இழுத்தார் அவர்.

"மொளைக்கலன்னா போவட்டும். கூலி வேல செஞ்சி துன்னுக்கலாம். எய்ந்திருய்யா!"

அவர் எழுந்தார். உள்ளே கால் வைக்க இடமில்லை. நெல்லைக் காலால் மிதித்தால் லட்சுமி போய்விடுவாள் என்று சிந்திய மணியைக் கூடப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர் மாமியார். அவரே முதலில் மூட்டை மேல் ஏறினார். மேலேயிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, "ஏறுடி," என்றார். ஏறினேன். மாமனார் கடைசியில் உள்ளே வந்து கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார்.

பனஞ்சட்டம் மூக்கில் இடிக்கிற உயரத்தில் விதைநெல் மேல் படுத்துக் கிடந்தேன். நெல் கதகதப்பாக இருந்தது. வெளியே தடதடவென்று ஏதோ சரிந்தது. வீட்டுச் சுவர். எந்தச் சுவர் என்று சத்தத்திலேயே எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. கல்லூடு அசையவில்லை.

கதவிடுக்கில் வந்த மங்கல் வெளிச்சத்தில் மாமியார் குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அதுக்கும் இப்டித்தான் காது," என்றார்.

எது என்று நான் கேட்கவில்லை. "மேல் பக்கம் மடிஞ்சி இருக்கும்," என்றார் மறுபடி. "நாந்தானே கொண்டு போயி அங்க கெடத்தினேன்." அவ்வளவுதான் பேசினார். எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டே அழுதேன். இத்தனை வருஷம் அவர் அந்தக் காதை மறக்கவில்லை என்பது தெரிந்ததும், நான் கட்டி வைத்திருந்த வெறுப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

பொழுது சாய்வதற்குள் காற்று அடங்கியது. மறுநாள் என் வீட்டுக்காரர் தண்டவாளத்தோடு நடந்தே வந்து சேர்ந்தார். வீடு இருந்த இடத்தில் மண்மேட்டைப் பார்த்துவிட்டு, கொல்லைப்பக்கம் வருவதற்குக் கொஞ்ச நேரம் தயங்கி நின்றாராம். குழந்தை அழுகிற சத்தம் கேட்டுத்தான் வந்தேன் என்றார்.

மாமனார் மூட்டைகள் மேல் கோமியம் தெளித்தார். தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. தீட்டுக்காரி படுத்த விதை, இனி அதைக் கோழிக்குத்தான் போடலாம் என்றார்கள். ஊற வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் மாமியார். நவரைக்கு நாள் வந்தபோது விதையை ஊற வைத்து, தண்ணீர் வடித்து, வைக்கோல் போட்டு மூடினார்கள். இரண்டு நாள் கழித்து மாமனார் பிரிக்கப் போனபோது தெருவே எட்டிப் பார்த்தது. முளைக்காவிட்டால் ஆயுசுக்கும் அந்தப் பேச்சு என் மேல்தான். மாமனார் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து விரித்தார். ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக முளை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விதையை நாற்றங்காலுக்குத் தூக்கிக்கொண்டு போனார். இவர்களா எனக்குத் தீட்டு என்றார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது. நானும் நம்பினவள்தானே என்பது சௌகரியமாக மறந்துபோயிற்று.

மறு வருஷம் ஐப்பசி. வீட்டை மறுபடியும் மண்ணால்தான் எழுப்பியிருந்தோம். கல்லுக்கு எங்கே போவது? மழை பிடித்துக்கொண்டதும் மாமனாரும் என் வீட்டுக்காரரும் விதைநெல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூட்டுக்குப் போனார்கள். நான் சமையலறையில் இருந்தேன். இந்த வருஷமும் சண்டை போட வேண்டுமா என்று அலுப்பாக இருந்தது. கரண்டியை வைத்துவிட்டுப் போனேன். இரண்டு பேரும் முதுகில் மூட்டையோடு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

உள்ளே மாமியார் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அன்றைக்கு நான் மண்ணில் படுத்துக் காட்டிய அதே இடம். கையை மடக்கிப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்தக் கை வளைவில் என் பிள்ளை உட்கார்ந்து அவர் வளையலை இழுத்துக்கொண்டிருந்தான்.

"எங்க ரெண்டு பேர வுட்டுட்டு, மிச்ச எடத்துல வெச்சிக்கோங்க," என்றார்.